மச்சான், அந்த நீளக் கட்டடத்தை இடிக்க வேண்டாம்

அன்புள்ள மச்சானுக்கு,

ரொறன்ரோவிலிருந்து நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. இரண்டு மாடி, அலுமினிய யன்னல், கண்ணாடி. வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய நீளக் கட்டடத்தை இடிப்பதென்பது எனக்குச் சரிவரவில்லை.

நூறடிக்கு இருபதடி. அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் வழக்கமான அளவுதான். இடையில் சுவர் இல்லாமல் ஐந்து வகுப்புகள். ஆறாம் வகுப்புக் கணக்கை எட்டாம் வகுப்பில் இருந்தும் கேட்டோம். (எனக்கு அப்போதும் விளங்கவில்லை.)

கட்டியவர் காற்றை அறிந்தவர். நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன; காலை, மாலை வெயில் குறுகிய சுவர்களில்தான் விழும். இடுப்பளவு அரைச்சுவருக்கு மேலே வெளி. சோளகக் காற்று தெற்கால் நுழைந்து வடக்கால் போய்விடும். செம்மண் புழுதியும் கூடவே வரும், பொய் சொல்லக்கூடாது. மார்கழி வாடையில் தாழ்வாரத்தையும் தாண்டிச் சாரல் அடிக்க, வடக்குப் பக்கத்து வாங்குக்காரர் எல்லாம் எங்கள் பக்கம் நெருங்குவார்கள். அந்த நெருக்கம் உனக்கு ஏன் பிடித்திருந்தது என்று இங்கே எழுதவில்லை.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிய கமக்காரர், தங்கள் பிள்ளைகளுக்காகக் கிடுகுக் கொட்டிலில் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. அன்றைய கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தாலும், காட்டோரத்துப் பிள்ளைக்கு அது எட்டியது இப்படியான கொட்டில்களால்தான். கல்லும் ஓடும் பிறகு வந்தவை.

1996இல் போரால் சனம் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடமும் போனது: பெயர்ப்பலகை, வரவுப் பதிவேடு, இரண்டு கரும்பலகை. மரத்தடியில் அதே பெயரில் நடந்தது. 2009க்குப் பிறகு மீளக் குடியேறியபோது இங்கே ஓடும் இல்லை, ஓட்டைத் தாங்கும் சிலாகையும் இல்லை. தூண்கள் மட்டும் நின்றன. அவசரத்துக்குத் தகரம் போட்டோம். அது இன்னும் இருக்கிறது.

நீ போன வருடம் வந்து, "உள்ளே அடுப்பு மாதிரி இருக்குதடா" என்றாயே, அது தகரத்தின் சூடு மச்சான். கட்டடத்தின் குற்றமில்லை. கண்ணாடியால் அடைத்தால் மின்விசிறி வேண்டும். மாதாமாதம் மின்சாரக் கட்டணத்துக்கு அதிபர் எங்கே போவார்?

மாடிக் கட்டடத்துக்கு மைதானத்தின் கிழக்கே இடம் இருக்கிறது. பழைய கட்டடத்துக்கு ஓடு போட எவ்வளவு செலவாகும் என்று கூரை வேலை செய்யும் ஓடாவியிடம் கேட்டு அனுப்புகிறேன். மேற்குக் கோடியில் மூன்றாவது தூணில் துளைகள் அப்படியே இருக்கின்றன. பூசச் சொல்லவா, விடச் சொல்லவா?

அன்புடன்,
உன் வாங்குக்காரன்