சனிக்கிழமைக்குள் மனுப் போட்டுவிடு

கண்ணம்மா,

ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்துவிட்டதல்லவா, கலிஃபோர்னியா மாநில வேலைவாய்ப்புத் துறையான ஈடிடி-யின் வேலையின்மைக் காப்பீட்டுக்கு இந்தச் சனிக்கிழமைக்குள் ஆன்லைனில் மனுப் போட்டுவிடு. எந்த வாரம் போடுகிறாயோ அந்த வாரத்து ஞாயிறிலிருந்துதான் கணக்கு. தக்க காரணமில்லாமல் முன்தேதியிட்டுத் தரமாட்டார்கள். கூச்சமே வேண்டாம், நிறுவனங்கள் கட்டும் வரியிலிருந்து வருகிற பணம் இது. உன்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது. ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் தோழிகள் சொல்வதைக் கேட்டுக் குழம்பாதே, அவர்கள் நிலைமை வேறு.

நம் பெயர்களுக்குத்தான் முதல் கண்டம். அப்பா பெயர் ஓரிடத்தில் கடைசிப் பெயர், இன்னோரிடத்தில் இனிஷியல். சோஷியல் செக்யூரிட்டி கார்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் எழுது. இல்லாவிட்டால் அடையாளச் சரிபார்ப்பிலேயே மனு நின்றுவிடும்.

வேலை போன காரணத்தைக் கேட்டால் 'லே ஆஃப்' என்பதோடு நிறுத்திக்கொள். 'பேசிப் பிரிந்தோம்' என்று நாகரிகமாக எழுதினால் நீயாக விலகியதாகத் தொனிக்கும். உன் கம்பெனிக்கும் நோட்டீஸ் போகும், பதிலுக்குப் பத்து நாள். இரண்டு பேச்சும் ஒத்துப்போகாவிட்டால் உன்னைத் தொலைபேசியில் விசாரிப்பார்கள். குறித்த நாளில் தெரியாத எண் என்று எடுக்காமல் இருந்துவிடாதே.

முதலில் வரும் தொகை நோட்டீஸைப் பார்த்துப் பணம் உறுதி என்று நினைத்துவிடாதே. அது உன் சம்பளப் பதிவு மட்டுமே. ஏப்ரல் முதல் ஜூனுக்குள் மனுப் போட்டால், முந்தைய ஆண்டு ஜனவரி–டிசம்பர் சம்பளத்தைப் பார்ப்பார்கள். ஏதாவது காலாண்டு விடுபட்டிருந்தால் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள, வரிப் படிவம்) நகல்களோடு உடனே எழுது. வாரத்துக்கு உச்சம் 450 டாலர், அதிகபட்சம் 26 வாரம். சான் ஹோசே வாடகைக்கு அது எந்த மூலைக்கு!

இரண்டு வாரத்துக்கொரு முறை 'சர்ட்டிஃபை' செய்ய வேண்டும், அதாவது அந்த வாரங்களில் வேலைக்குத் தயாராக இருந்தாயா, ஏதாவது சம்பாதித்தாயா என்ற கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். தகுதியுள்ள முதல் வாரத்துக்குப் பணம் கிடையாது, ஆனாலும் அதற்கும் செய்தாக வேண்டும். சிறு வேலை கிடைத்தால், உழைத்த வாரத்திலேயே பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையைக் காட்டு, கையில் வந்த வாரத்தில் அல்ல. பலர் மாட்டுவது இங்கேதான். 200 டாலர் சம்பாதித்தால் அதில் கால் பங்கு 50-ஐ விட்டுவிட்டு 150-ஐக் கழிப்பார்கள். உன் தொகை 450 என்றால் 300 வரும். 25 டாலரா, கால் பங்கா, எது பெரிதோ அதை விட்டுவிடுவது கணக்கு.

வேலை இல்லாத நேரத்தில் ஊருக்கு வந்து போகலாம் என்று தோன்றும். வா, ஆனால் அந்த வாரங்களுக்கு 'வேலைக்குத் தயார்' என்று எழுதாதே. மதுரையில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் பொய்த் தகவல். பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு 30 சதவீத அபராதமும் விழலாம்.

மறுத்துவிட்டார்களா? நோட்டீஸ் அஞ்சலிட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் போடு. உன் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. நிர்வாகச் சட்ட நீதிபதி விசாரிப்பார். ஆட்குறைப்புக் கடிதம், மேலாளரின் மின்னஞ்சல்களைத் தேதிவாரியாக எடுத்து வை. கம்பெனி லேப்டாப்பைத் திருப்பித் தருமுன் அந்தக் கடிதத்தை உன் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள். தீர்ப்பு வரும்வரை சர்ட்டிஃபை செய்வதை நிறுத்தாதே. நிறுத்தினால், அப்பீலில் ஜெயித்த பிறகும் அந்த வாரங்களுக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு.

கலிஃபோர்னியா இதற்கு வரி போடாது, மத்திய அரசு போடும். அதற்காகப் பத்து சதவீதத்தை இப்போதே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடு.

அம்மா