நீதிபதிக்கு ஓட்டுப் போட்ட வீட்டில் இருந்தேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில் ஒரு வாசகர், அமெரிக்காவைப் போல நம் கீழ்கோர்ட் நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுத்தால் அவர்களுக்குக் கொஞ்சம் பயம் இருக்கும் என்று எழுதியிருந்தார். நான் 31 வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. வாய்தா வாங்கியே கிழவியான பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 2018-இல் சான் ஹோசேவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, அவர் கேட்கிற மாதிரித் தேர்தல் ஒன்றைச் சாப்பாட்டு மேஜையிலேயே பார்த்தேன்.

அந்த நீதிபதியின் பெயர் ஆரன் பெர்ஸ்கி. சான் ஹோசே அடங்கிய சான்டா கிளாரா கவுன்ட்டியின், அதாவது மாவட்டத்தின், சுப்பீரியர் கோர்ட்டில் இருந்தார். நம் ஊர்க் கணக்கில் செஷன்ஸ் கோர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அரசுத் தரப்பு வக்கீல். 2002-இல் நீதிபதி பதவிக்குத் தேர்தலில் நின்று தோற்றவர். மறு வருஷமே கவர்னர் கிரே டேவிஸ் அவரை நீதிபதியாக நியமித்துவிட்டார். நடுவில் இடம் காலியானால் கவர்னர் ஆள் போடலாமாம். பதவிக்காலம் 6 வருஷம். அது முடியும்போது எதிர்த்து யாரும் நிற்கவில்லை என்றால் வாக்குச்சீட்டில் பெயரே அச்சாகாது, அப்படியே தொடரலாம். மாப்பிள்ளை இதைச் சொன்னபோது விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

2016 ஜூன் 2-ஆம் தேதி பெர்ஸ்கி ஒரு தண்டனை கொடுத்தார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக நீச்சல் வீரன் பிராக் டர்னர், மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணிடம் பாலியல் அத்துமீறல் செய்த வழக்கு. சைக்கிளில் வந்த இரண்டு சுவீடன் மாணவர்கள்தான் அவனைப் பிடித்தார்கள். அரசுத் தரப்பு 6 வருஷம் கேட்டது. இவர் கொடுத்தது 6 மாதம். அவன் 3 மாதத்தில் வெளியே வந்துவிட்டான். அந்தப் பெண் கோர்ட்டில் வாசித்த அறிக்கை உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது.

ஐந்தே நாளில், ஜூன் 7-ஆம் தேதி, தேர்தல். ஊரே கொதித்துக்கொண்டிருக்க, எதிர்த்து யாரும் மனுப் போடாததால் பெர்ஸ்கிக்கு இன்னொரு 6 வருஷம் கிடைத்தது! அந்த வாசகர் சொல்கிற பயம் அன்றைக்கு எங்கே போயிருந்தது?

அந்தத் தண்டனைக்கு எதிராக ஸ்டான்போர்டு சட்டப் பேராசிரியர் மிஷேல் டாபர் முன்னின்று, பதவியை விட்டு இறக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். அதை மக்கள் ஓட்டுக்கு விடக் கேட்டுச் சுமார் 95,000 கையெழுத்து சேர்ந்தது. நீதிபதிகளை விசாரிக்கும் ஆணையம் தவறான நடத்தை எதுவும் இல்லை என்று ஏற்கனவே சொல்லியிருந்தது. தண்டனை போதாது என்று கருதிய மாவட்ட அரசு வக்கீல் ஜெஃப் ரோசனே இந்த இயக்கத்தை எதிர்த்தார்.

தபால் ஓட்டுச் சீட்டு 2018 மே மாதம் வீட்டுக்கு வந்தது. அவரை நீக்கலாமா என்று ஒரு கேள்வி, நீக்கினால் யார் என்று இன்னொன்று. மகள் பேனாவை எடுத்து யோசிக்காமல் நிரப்பினாள். "அந்தப் பெண் இடத்துல நம்ம பாப்பாவை வச்சுப் பாருங்கப்பா" என்றாள். மாப்பிள்ளை சீட்டைத் தொடாமலே இரண்டு நாள் வைத்திருந்தார். "மாமா, இனிமே எந்த ஜட்ஜ் குறைச்சுத் தண்டனை கொடுப்பார்? பணக்காரப் பையன் தப்பிச்சிடுவான், வக்கீல் வைக்க வழியில்லாதவன்தான் உள்ளே போவான்" என்றார்.

எனக்கு ஓட்டு இல்லை. இருந்திருந்தால் மாப்பிள்ளை பக்கம்தான். தண்டனை குறைச்சல், சந்தேகமே இல்லை. நம் ஊரில் அப்படி நடந்தால் தண்டனை போதாது என்று அரசுத் தரப்பு அப்பீல் போகலாம். அந்த வழி மெதுவானதுதான். இருந்தாலும் தீர்ப்பை இன்னொரு நீதிபதி படித்துப் பார்ப்பார்.

நான் வேலை பார்த்த கோர்ட்டில் நீதிபதியாக இருந்த முன்சீப் ஒருவர், காய்கறி வாங்கக்கூடக் கடைத்தெருவுக்குப் போக மாட்டார். டவாலியிடம் பையைக் கொடுத்து அனுப்புவார். கடைக்காரன் நாளைக்கு வழக்குக்காரனாக வந்து நின்றால் என்ன செய்வது என்பார். கொஞ்சம் அதிகம்தான், சிரித்திருக்கிறோம். அந்த மனிதர் தெருத் தெருவாகப் பெயர்ப் பலகை நட்டு, வக்கீல்களிடமே நன்கொடை வாங்கி ஓட்டுக் கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 5-ஆம் தேதி நூற்றுக்குச் சுமார் 62 பேர் நீக்கச் சொல்லிவிட்டார்கள். கலிபோர்னியாவில் 1932-க்குப் பிறகு ஒரு நீதிபதி அப்படி இறக்கப்பட்டது அதுவே முதல் தடவை. மறு வருஷம் பெர்ஸ்கி அதே வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பயிற்சியாளராகச் சேர்ந்தார், விஷயம் தெரிந்ததும் அதுவும் சில நாளில் போயிற்று என்று மகள் போனில் சொன்னாள். இந்த நீக்க இயக்கம் அறிவிக்கப்பட்டதுமே கலிபோர்னியாவில் மற்ற நீதிபதிகள் கொடுத்த தண்டனைகளும் கூடின என்று ஆய்வாளர்கள் இருவர் பிற்பாடு எழுதினார்கள். மாப்பிள்ளை அதை எனக்கு அனுப்பினார். மகளுக்கு அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை.

அந்த மே மாதம், சீட்டு வந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளையும் அதை நிரப்பி ஒட்டினார். நடைப்பயிற்சிக்குப் போகும்போது இரண்டு உறைகளையும் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டவன் நான்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்,
கும்பகோணம்.