பழைய கார்களை வெட்டும் முன் உதிரி பாகங்களைக் காப்பாற்ற ஏற்பாடு கோரும் மனு

அனுப்புநர்:
பழைய கார் மெக்கானிக்,
தக்கலை, கல்குளம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: உடைக்கப்படும் பழைய கார்களின் பாகங்களைக் கழற்றிப் பாதுகாக்க அனுமதியும் இடமும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

32 ஆண்டுகளாகத் தக்கலையில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு என்று தயாரிப்பே நின்றுபோன வண்டிகள்தான் என்னிடம் அதிகம் வரும். அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றது. மற்றவை அதற்கும் முன்பே. பல சாமான்களுக்கு எங்களுக்கு இன்று ஆக்கர் கடை எனும் பழைய இரும்புக் கடைதான் கதி.

போன ஆடியில் மார்த்தாண்டம் பக்கம் ஓர் ஆக்கர் கடையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைக் கண்டேன். 1961 முதல் நம் சென்னையில் செய்த கார். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்தே முன்பக்கம் சாயும். முன் டயரில் உட்கார்ந்தே என்ஜின் வேலை பார்க்கலாம். இந்த வண்டியின் அடித்தகட்டை உப்புக்காற்று தின்றிருந்தது. ஆனால் பானெட் கீல், கதவுகள், கியர் பாக்ஸ் எல்லாம் உருப்படியாக இருந்தன. பணம் புரட்டிக்கொண்டு மறுநாள் காலையில் போனேன். கேஸ் கட்டரால் துண்டு போட்டு லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். மண்ணில் கிடந்த ஒரு கதவுக் கைப்பிடியை மட்டும் எடுத்துவந்தேன். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது எடைக் கணக்கு. ஆனால் அந்த ஒரு வண்டியின் சாமானில் இன்னும் இரண்டு ஹெரால்டு ஓடியிருக்கும்.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும்; சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, என்ஜினை மாற்றியமைத்திருக்கக் கூடாது. சாமான் கிடைக்காமல் வேறு என்ஜினை மாட்டிய அன்றே அந்தத் தகுதி போய்விடும். பாகங்களை உருக்க விட்டுவிட்டு வண்டியை மட்டும் காப்பாற்ற முடியாது, ஐயா.

15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்பதால் பழைய அரசு ஜீப்புகளும் உடைப்புக்குப் போகின்றன. சட்டத்தை மீறச் சொல்லவில்லை. சேசிஸ் எண் பொறித்த பகுதி விதிப்படியே போகட்டும். எங்களுக்கு வேண்டியது கார்புரேட்டர், டைனமோ, மீட்டர், கண்ணாடி போன்றவை.

ஆகவே, அரசு அலுவலகங்களிலும் காவல் நிலையங்களிலும் ஏலம் விடும் பழைய வண்டிகளை வெட்டுவதற்கு 15 நாள் முன்பாகப் பார்வையிட அறிவிப்புத் தர வேண்டும். ஆக்கர் கடைக்காரர்களும் இப்படிப்பட்ட வண்டி வந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல அறிவுறுத்த வேண்டும். கழற்றிய பாகங்களை வைக்க, கோணம் அரசு ஐடிஐயில் ஓர் அறை ஒதுக்கித் தாருங்கள். நம் ஊர்க் காற்றில் கிரீஸ் தடவாத இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. அதனால் ஓலைக் கொட்டகை போதாது, பூட்டும் கூரையும் வேண்டும். மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் கழற்றி, துடைத்து, சீட்டு ஒட்டி வைத்தால் கார்புரேட்டரைக் கையில் பிடித்துப் படித்ததாகவும் இருக்கும். சனிக்கிழமைகளில் கூலியில்லாமல் வந்து சொல்லித்தர நான் தயார்.

என்னிடமுள்ள இரண்டு ஹெரால்டு டைனமோவையும் ஓர் அம்பாசடர் ஸ்டியரிங் பாக்ஸையும் அந்த அறைக்கு முதல் பொருளாகத் தருகிறேன். அந்தக் கதவுக் கைப்பிடியையும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: தக்கலை