நம்மவர் பெயருக்கும் ஒரு கல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலாவெளி வீதியிலுள்ள பொதுநலவாயப் போர் மயானத்தில், புல் ஒட்ட வெட்டப்பட்ட நிலத்தில் வரிசையாக அமைந்த கல்லறைகளில், இரண்டாம் உலகப்போரில் இறந்த வீரர்களின் பெயரும் பதவியும் இறந்த திகதியும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தப் பராமரிப்பு போற்றத்தக்கது.

ஆனால், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கியபோது மாண்ட உள்ளூர் மக்களுக்கும், அந்தப் போரில் படையில் சேர்ந்து திரும்பிவராத இவ்வூர் இளைஞர்களுக்கும், ஊர் மக்கள் கூடி நின்று அஞ்சலி செலுத்த நகரில் ஓர் இடம் வேண்டும். அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பலரும் அறிவர். துறைமுகத்தில் வேலைக்குப் போய் வீடு திரும்பாதவரை அவரது குடும்பம் மட்டுமே அறியும்.

உட்துறைமுக வீதியோரம், துறைமுகம் கண்ணில் படும் இடத்தில், தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பெயர்கள் பொறித்த எளிய நினைவுக்கல் ஒன்றை மாநகரசபை நிறுவ வேண்டுகிறேன். சிப்பாயின் பெயரும் மூட்டை சுமந்த தொழிலாளியின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருப்பதே முறையாகும். அன்று சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறை எட்டியவர்கள் என்பதால், கோவில், பள்ளிவாசல், தேவாலயப் பதிவேடுகளையும் முதியோரின் வாய்மொழியையும் கொண்டு பெயர் திரட்டும் பணியைக் கிராம அலுவலர்கள் வாயிலாக இவ்வாண்டே தொடங்க வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.