விண்கல்லில் இருக்கும் உலோகம் இரும்பும் நிக்கலும்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரிடியம் என்ற விலை உயர்ந்த உலோகம் கலந்த விண்கல் என்று சொல்லி ஒருவரிடம் பல லட்சம் கறந்த கும்பல் பிடிபட்ட செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். செய்தி சரி. ஆனால் கடைசிப் பத்தியில், விண்கற்களில் விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால் வெளிநாட்டில் கிராக்கி அதிகம் என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அந்தக் கும்பலும் அதைத்தானே சொல்லியிருக்கும்?

நான் திருப்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் ஏதோ வெடித்து, பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்தது என்று அரசே அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். அது எதுவோ, அன்றிலிருந்து எங்கள் பக்கம் கறுப்பாகக் கனமாக எது கிடைத்தாலும் "அண்ணே, இதைக் கொஞ்சம் அறுத்துப் பாருங்க" என்று என் பட்டறைக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது பழைய இரும்புக் கிட்டம், அதாவது இரும்பு உருக்கியபோது மிஞ்சிய கசடு. உள்ளே குமிழி குமிழியாக ஓட்டை இருக்கும். இல்லையென்றால் சேலம் கஞ்சமலையில் கிடைப்பது போன்ற மேக்னடைட் என்ற இரும்புத் தாதுக் கல். காந்தம் ஒட்டிவிட்டால் போதும், கொண்டுவந்தவர் முகத்தில் கோடீஸ்வரக் களை வந்துவிடும்.

இவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே கொஞ்சம் படித்தேன். புரியாததை ஜியாலஜி படித்த என் அக்கா மகள் விளக்கினாள்.

விழுவதைப் பார்த்து எடுத்த விண்கற்களில் 100க்கு 90க்கு மேல் கல் வகைதான். அந்தக் கல்லுக்குள் உலோகம் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கும். எமரி தாளில் ஒரு முகத்தைத் தேய்த்தால் சாம்பல் நிறக் கல்லுக்கு நடுவே வெள்ளையாக மின்னும். அது இரும்பும் நிக்கலும் கலந்த கலவை. நிக்கல் 5 முதல் 7 சதவீதம் வரை இருப்பது காமசைட். 20 சதவீதத்துக்கு மேல் போனால் டேனைட். பக்கத்திலேயே வெண்கல நிறத்தில் ட்ராய்லைட் இருக்கும். வெறும் இரும்பும் கந்தகமும்தான். தங்கம் என்று ஏமாறுவது இதைப் பார்த்துத்தான். இதில் காந்தம் ஒட்டாது. இவை தவிர குரோமைட் என்ற குரோமியத் தாது கொஞ்சம் இருக்கும். அவ்வளவுதான் சரக்கு. என் பட்டறையில் கூட்டி அள்ளுகிற 304 ஸ்டெயின்லெஸ் சீவலிலேயே 8 சதவீதம் நிக்கல் இருக்கிறது. உலோகத்துக்காக விலை பேசுவதென்றால் அந்தச் சீவலை வாங்கிக்கொள்ளலாம்.

இரும்பு எவ்வளவு என்பதை வைத்தே பொதுவான கல் வகைகளை எச் (இரும்பு அதிகம்), எல் (இரும்பு குறைவு), எல்எல் (இரும்பும் குறைவு, உலோகமும் குறைவு) என்று பிரித்திருக்கிறார்கள். எச் வகையில் எடையில் 15 சதவீதத்துக்கு மேல்கூட உலோகத் துகள் இருக்கும். எல்எல் வகையில் 3 சதவீதம் வந்தாலே அதிகம். 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைச் சீமையில் விழுந்து, பர்னல்லி என்ற பெயரில் பதிவான கல் இந்தக் கடைசி வகை. சுமார் 77 கிலோ. அத்தனையையும் இடித்துச் சலித்தாலும் இரண்டு கிலோ உலோகம் தேறுவதே கஷ்டம். வேடிக்கை என்னவென்றால், உலோகம் குறையக் குறைய, மிச்சமிருக்கும் உலோகத்தில் நிக்கல் பங்கு கூடும். ஆக்சிஜன் முதலில் இரும்பைத்தான் பிடித்துக்கொள்கிறது. நிக்கல் தப்பித்து உலோகமாகவே நின்றுவிடுகிறது.

சரி, இரிடியம்? இருக்கிறது, மறுக்கவில்லை. பூமியின் மேலோட்டுப் பாறையோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அதை வைத்துத்தான் 1980இல் அமெரிக்க விஞ்ஞானிகளான ஆல்வாரெஸ் தந்தையும் மகனும், டைனோசர் காலம் முடிந்த களிமண் அடுக்கில் இரிடியம் கூடியிருப்பதைக் காட்டி, வானிலிருந்து பெரிய பொருள் மோதியது என்றார்கள். ஆனால் அந்த "அதிகம்" எவ்வளவு? சாதாரணக் கல் வகையில் டன்னுக்கு ஒரு கிராம்கூட வராது. கையில் ஒரு கிலோ கல் வைத்திருப்பவருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. அதைப் பிரித்தெடுக்க ஆகும் அமிலச் செலவுக்குக்கூடக் கட்டாது.

தங்க நிறத்தில் மின்னும் பொருளும் விண்கல்லில் அபூர்வமாகக் கிடைத்திருக்கிறது. 1852 டிசம்பரில் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி பக்கம் விழுந்த கல்லில் பொன் மஞ்சளாக நுண்ணிய படிகங்களைக் கண்டு, அதற்கு ஆஸ்போர்னைட் என்று பெயர் வைத்தார்கள். அது டைட்டானியம் நைட்ரைடு. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் மஞ்சள் பூச்சோடு டிரில் பிட் வாங்குகிறோமே, அந்தப் பூச்சும் இதே பொருள்தான்.

அப்படியானால் விண்கல்லுக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. சேகரிப்பவர்கள் வெளிநாட்டில் கிராம் கணக்கில் வாங்கவே செய்கிறார்கள். அது விண்கல் என்பதற்கான விலை, உள்ளே இருக்கும் உலோகத்துக்கான விலை இல்லை. ஆராய்ச்சிக்கு அதைவிடப் பெரிய மதிப்பு. எஃகைக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் நொடிகளில் ஆறிவிடும். இந்தக் கற்களில் பலவும் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரியிலிருந்து சில நூறு டிகிரி வரை என்ற வேகத்தில் ஆறியவை. டேனைட் துகளின் ஓரத்திலிருந்து நடு வரை நிக்கல் எப்படி மாறுகிறது என்று அளந்தே அந்த வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்தத் துகளை உருக்கி விற்பதுபோல் மடத்தனம் வேறில்லை.

எங்கள் ஊருக்கே இதில் ஒரு பங்கு உண்டு. 1890 ஜூன் 4 அன்று இங்கே காக்கங்கரையில் விழுந்த கல், சுமார் 350 கிராம்தான். அப்போது திருப்பத்தூர் தாலுகா சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தக் கல் எந்த வகையிலும் அடங்காததால் அதன் பெயரின் முதல் எழுத்தை வைத்தே கே என்று தனி வகை உண்டாக்கினார்கள். அதே வகையில் சேர்ந்த மற்றக் கற்கள் அண்டார்டிகாவிலும் நியூ மெக்சிகோவிலும் கிடைத்திருக்கின்றன. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகும் ரயில் காக்கங்கரையைத் தாண்டித்தான் போகிறது. பெட்டியில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆகவே இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு மோசடிச் செய்தி வரும்போது, கல் வகை விண்கல்லில் கல்லைத் தவிரப் பெரும்பாலும் இருப்பது இரும்பு, நிக்கல், கந்தகம்தான் என்று ஒரு பெட்டிச் செய்தி சேர்த்துப் போடுங்கள். விழுவதைக் கண்ணால் பார்த்து எடுத்தவர்கள் அதைக் கழுவாமல், காந்தம் வைத்துத் தேய்க்காமல், காய்ந்த பையில் போட்டு, வட்டாட்சியர் வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். காந்தம் வைத்துத் தேய்த்தால் கல்லுக்குள் பதிந்திருக்கும் பழைய காந்தப் பதிவு அழிந்துபோகும். விஞ்ஞானிகள் தேடுவது அதையும்தான்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
திருப்பத்தூர்