உருதுக் காதல் கவிதையில் பெண்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளியான உருதுக் காதல் கவிதைகள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். மீர், காலிப், ஃபைஸ் என்று ஆண் கவிஞர்கள் எல்லோரும் இருந்தார்கள். பெண் கவிஞர் ஒருவர் பெயர்கூட இல்லை. பக்கம் போதவில்லை என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உருதுக் காதல் கவிதை வடிவமான கஜலில் காதலியைப் பற்றிப் பேசித் தீராது. அவள் வாய் திறந்து பேசியதைச் சொல்லாவிட்டால் எப்படி?

லக்னோவில் ரங்கீன், இன்ஷா போன்ற ஆண்கள் பெண் குரலில் 'ரேக்தி' என்ற கவிதை வகையை எழுதினார்கள். அந்தப்புரத்து வம்பும் சரசமும் அதில் நிறையவே உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில் ஹைதராபாத்தில் மஹ் லகா பாய் சந்தா என்ற பெண் கவிஞர் தன் கஜல்களைத் தனி 'திவான்' ஆகவே, அதாவது முழுக் கவிதைத் தொகுப்பாகவே, தொகுத்துவிட்டார். கட்டுரை அவரிடமிருந்து தொடங்கியிருக்கலாம்.

பர்வீன் ஷாகிரை விட்டதுதான் பெரிய குறை. 1976இல் 'குஷ்பு' (நறுமணம்) தொகுப்பு வந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கஜல் மரபுப்படி பெண்களும் தம்மை ஆண்பாலில் சொல்லிக்கொள்வது வழக்கமாக இருந்தது. இவர் ஒரு இளம்பெண்ணாகவே பேசினார். பாடகர் மெஹ்தி ஹசன் பாடிப் புகழ்பெற்ற அவருடைய கஜலில் ஒரு ஷேர் (ஈரடி): எங்கே போனாலும் திரும்பியபோது என்னிடம்தான் வந்தான், ஓரிடத்தில் நிலைக்காத என்னவனிடம் இது ஒன்றுதான் நல்லது என்கிறாள். இதைப் பத்தினியின் பொறுமை என்று மேடையில் விளக்கக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'இது ஒன்றுதான்' என்கிறபோதே அவனுடைய மற்ற குணங்களையெல்லாம் அவள் எடைபோட்டுத் தள்ளிவிட்டது தெரிகிறதே! ஆசையும் குறையவில்லை, ஏமாறவும் இல்லை. ஆண்கள் எழுதிய காதலிக்குக் கொடுமைக்காரி என்ற பட்டம் கிடைத்தது. இப்படி எடைபோடும் உரிமை கிடைத்ததா?

ஃபஹ்மிதா ரியாஸ் இன்னும் துணிந்தவர். 1973இல் வந்த 'பதன் தரீதா' (கிழிந்த உடல்) தொகுப்பில் பெண்ணுடலின் வேட்கையை மறைக்காமல் எழுதியதற்காக ஆபாசம் என்று வசை வாங்கினார். பின்னர் பாகிஸ்தானில் ஜெனரல் ஜியாவின் ராணுவ ஆட்சி தந்த நெருக்கடியால் இந்தியாவில் சில ஆண்டுகள் வாழ நேர்ந்தது. அதா ஜாஃப்ரி, கிஷ்வர் நாஹித், ஜெஹ்ரா நிகாஹ் போன்ற பெண் கவிஞர்களைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது.

இவர்களுக்கென்று தனியே ஒரு கட்டுரை வெளியிடுங்கள். ஆங்கிலம் வழியாக வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உருதுவும் தமிழும் நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். மூல வரிகளையும் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே அச்சிட்டால் கஜலின் ஓசையும் வாசகர்களுக்குக் கிடைக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஆம்பூர்