'பூண்டு விதை' என்று விற்ற பொட்டலம் பற்றிய புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 'வீட்டுத் தோட்டப் பூண்டு செட்' – தவறான விளம்பரம், பணத்தைத் திரும்பக் கேட்டல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கடந்த ஜனவரியில் உங்கள் இணையக் கடையில் 'வீட்டுத் தோட்டப் பூண்டு செட்' ஒன்றை 39 வெள்ளி 90 சென் கொடுத்து வாங்கினேன். பெட்டிக்குள் ஒரு பொட்டலம் 'பூண்டு விதை', ஒரு பை நடவுப் பல், ஒரு செய்முறைத் தாள் இருந்தன. 'மலேசியாவில் எந்த ஊரிலும் விளையும், 90 நாளில் முழுப் பூண்டு' என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தீர்கள். அதை நம்பி எங்கள் வரிசையில் இன்னும் சில வீட்டுக்காரர்களும் வாங்கினார்கள். ஒரு வீட்டில்கூடப் பூண்டு கட்டவில்லை, அதாவது மண்ணுக்கடியில் குமிழ் திரளவில்லை. இங்கே அது கட்டுவது அரிது என்பது விற்கும் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்த விதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூண்டை யாரும் விதை போட்டுப் பயிர் செய்வதில்லை, பல்லைத்தான் நடுவார்கள். பூண்டு பூத்தாலும் அதில் விதை பிடிப்பது மிக அபூர்வம். சில வகைகளில் பூந்தண்டின் நுனியில் குட்டிக் குமிழ்கள் வரும், அவையும் விதை அல்ல. நீங்கள் அனுப்பிய பொட்டலத்தில் இருந்ததோ கருஞ்சீரகம் போலக் கறுத்து, முனை முனையாக இருந்த விதை. ஈரத் துணியில் கொஞ்சம், தட்டில் கொஞ்சம் என்று போட்டேன். முளை நேராக வரவில்லை, மடங்கிய நூலாக மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தது. நுனியில் விதைத் தோல் ஒட்டியபடியே இருந்தது. வளர்ந்த பிறகு ஒரு இலைத் தாளை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். உருண்டையான தாள், உள்ளே ஒன்றுமில்லாத குழல். பூண்டு இலை தட்டையாக, நடுவில் மடிப்போடு இருக்கும், குழலாக இருக்காது. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே, குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் கீரை, கத்தரி, வெண்டை போட்டவர். அவர் ஒரு தாளை வாயில் வைத்து மென்று பார்த்துவிட்டு, "இது பூண்டு இல்லம்மா, வெங்காயத் தாளு" என்றார். நீங்கள் வெங்காய விதையைப் பூண்டு விதை என்று விற்றிருக்கிறீர்கள். விதை கலந்துவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாங்கிய பொட்டலத்திலும் அதே விதை, அதே தாள்.

அடுத்து நடவுப் பல். அதிலும் பாதி, பூண்டின் நடுவிலிருந்து எடுத்த பொடிப் பல். நடுவதற்கு வெளிச் சுற்றில் இருக்கும் பெரிய பல்லைத்தான் எடுக்க வேண்டும், பல் சிறுத்தால் விளைவதும் சிறுக்கும். சில பல்லில் தோல் உரிந்திருந்தது, சிலவற்றில் வேர் வரும் அடித்தட்டே நசுங்கியிருந்தது. அவை மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயின. நன்றாக இருந்ததை மட்டும் பொங்கல் கழிந்து, மழை குறைந்த நேரமாகப் பார்த்து, மேட்டுப் பாத்தியில் மணலும் மக்கிய சாணமும் கலந்து, கூர்முனை மேலே இருக்கும்படி நட்டேன். முளைத்தது, இலையும் செழிப்பாக வந்தது. சித்திரைப் புத்தாண்டு கழிந்து சில நாளில் நீங்கள் சொன்ன 90 நாள் முடிந்தது. ஒரு செடியைப் பிடுங்கினேன். அடியில் வெள்ளைத் தண்டு கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான். அவசரப்பட வேண்டாம் என்று ஜூன் வரை விட்டுவைத்தேன். இலை நுனி மஞ்சளாகிக் காய்ந்த பிறகும் பல் பிரியவில்லை. ஒன்றிரண்டு செடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒற்றைக் குமிழ் இருந்தது.

இதற்குக் காரணம் என் மண்ணும் இல்லை, பராமரிப்பும் இல்லை. பூண்டு குளிரைக் கண்டு வளரும் பயிர். பல்லோ இளஞ்செடியோ சில வாரமாவது 10 டிகிரிக்குக் கீழான குளிரில் இருக்க வேண்டும், அதன் பிறகு பகல் நீள வேண்டும். அப்போதுதான் அடியில் குமிழ் கட்டிப் பல் பிரியும். குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கு முன் நட்டு அடுத்த கோடையில் பிடுங்குகிறார்கள், எட்டு ஒன்பது மாதம் ஆகிறது. சீக்கிரம் விளைகிற இந்தியாவிலேயே நான்கைந்து மாதம் பிடிக்கும். 90 நாள் என்ற கணக்கு உங்களுக்கு எங்கிருந்து வந்தது? சுங்கை சிப்புட்டில் விடியற்காலையில்கூட 22, 23 டிகிரிதான், நண்பகலில் 33ஐத் தாண்டும். ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் முக்கால் மணி நேர வித்தியாசம்கூட இல்லை. தமிழ்நாட்டில்கூடப் பூண்டுக்குப் பேர் போனவை கொடைக்கானல், ஊட்டி மலைகள்தான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கொடுத்தார்கள். நம் நாட்டுக் கடைகளில் விற்கும் பூண்டில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. எந்த ஊரிலும் 90 நாளில் விளையும் என்றால் இத்தனை காலமாக அதை ஏன் இறக்குமதி செய்து தின்கிறோம்?

உங்கள் செய்முறைத் தாளே இதற்குச் சாட்சி. 'அக்டோபரில் நடவும், உறைபனிக்கு முன் வைக்கோலால் மூடவும்' என்று அதில் இருக்கிறது. பேராக்கில் அக்டோபர், நவம்பர் அடைமழைக் காலம். அப்போது நட்டால் பல் தண்ணீரில் ஊறி அழுகும். உறைபனியை எங்கள் ஊரில் யார் பார்த்தது? குளிர்நாட்டுக் குறிப்பை அப்படியே மொழிபெயர்த்துப் பெட்டியில் போட்டுவிட்டு, மேலே 'மலேசியாவில் எந்த ஊரிலும்' என்று ஒட்டியிருக்கிறீர்கள். படத்தில் உள்ள பூண்டின் நடுவில் கெட்டியான தண்டு நிற்கிறது. அது இன்னும் அதிகக் குளிர் கேட்கும் வகை.

ஏப்ரலில் உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு எழுதினேன். வந்த பதில், 'உரம் போதவில்லை, எங்கள் குமிழ் பெருக்கும் உரத்தை வாங்கிப் போடுங்கள்.' அதற்கும் 18 வெள்ளி கட்டினேன். பாக்கெட்டின் பின்னால் பார்த்தால் அதில் அதிகமாக இருப்பது நைட்ரஜன். அது இலையைத்தான் தள்ளும், குமிழ் கட்டுவதை இன்னும் தாமதப்படுத்தும். குறை சொல்லி வந்தவரிடம் இன்னொரு பொருளைத் தலையில் கட்டியது எனக்கு மிகுந்த வருத்தம். அப்புறம் அனுப்பிய செய்திகளுக்குப் பதிலே இல்லை.

எங்கள் வரிசையில் வாங்கியவர்களில் பலர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்கு 40 வெள்ளி சின்னப் பணம் இல்லை. காசைவிட மனதை வருத்துவது வேறு. வாழ்நாளெல்லாம் மண்ணோடு இருந்தவர்கள், "வயசாயிருச்சு, என் கைக்கு ஒண்ணும் வரல" என்று தங்களையே நொந்துகொண்டு பாத்தியைக் கொத்திப் போட்டார்கள். அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

சமவெளியில் பூண்டே நடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இலை நன்றாக வருகிறது. நறுக்கி ரசத்தில் போட்டால் வாசம் தூக்கும், முட்டைப் பொரியலுக்கும் நன்றாக இருக்கிறது. அதைப் 'பூண்டுத் தாள்' என்று சொல்லி நியாயமான விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். குமிழ்தான் வேண்டும் என்பவருக்கு, பல்லை ஆறு முதல் எட்டு வாரம் ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து நடச் சொல்லுங்கள், அப்படியும் சமவெளியில் உறுதியில்லை, கேமரன்மலை போன்ற குளிர்ந்த இடத்தில் வாய்ப்பு அதிகம் என்று பெட்டியிலேயே எழுதுங்கள்.

நான் கேட்பது இவைதான். செட்டுக்கும் உரத்துக்கும் சேர்த்து 57 வெள்ளி 90 சென்னை எனக்குத் திருப்பித் தர வேண்டும். என்னோடு கையெழுத்திட்டுள்ள அண்டை வீட்டாருக்கும் அவரவர் கட்டிய தொகையைத் தர வேண்டும். 'பூண்டு விதை' என்ற பொட்டலத்தை உடனே விற்பனையிலிருந்து எடுக்க வேண்டும். '90 நாள்', 'எந்த ஊரிலும்' என்ற வாசகங்களை விளம்பரத்திலிருந்தும் பெட்டியிலிருந்தும் நீக்க வேண்டும். பணம் மட்டும் வந்து விளம்பரம் அப்படியே இருந்தால் இந்தப் புகாரை முடிந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

விற்கும் பொருள் அதன் விவரிப்போடு ஒத்திருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்குத் தரும் உத்தரவாதம். இக்கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிவேன். அதற்குக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞரும் தேவையில்லை.

பணம் கட்டிய ரசீதுகள், பெட்டியின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பிடுங்கிய செடிகளின் படங்கள், பொட்டலத்தில் மிச்சமிருந்த விதை ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட்.